வான் எங்கே திரும்ப வேண்டும் என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வாசகர் ஒருவரின் கேள்வி: "பஸ் ஓடாத ஊருக்கும் அழைத்தால் வான் வரும் என்கிறார்கள். நாலு ஊரில் நாலு பேர் அழைத்தால் யாரை எப்போது ஏற்றுவதென்று கணினி எப்படி முடிவெடுக்கும்?"

ஏறுமிடம், இறங்குமிடம், போய்ச்சேர வேண்டிய நேரம் மூன்றையும் பதிவது சுலபம். சுவாரசியம் அடுத்த கட்டத்தில்தான்: ஏற்கெனவே போட்ட ஓட்டத்துக்குள் புதியவரைச் செருகுவது.

ஒரு வான் 7.00க்கு வெல்லாவெளியிலும் 7.20க்குப் பெரியபோரதீவிலும் ஆளேற்றி, பட்டிருப்புப் பாலம் கடந்து, 7.35க்குக் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையில் இறக்குவதாக வைப்போம். கிளினிக்குக்கு 7.50ஐத் தாண்டக்கூடாது. போரதீவுக்காரரிடம் 7.30க்குள் வருவதாகச் சொல்லியாயிற்று. மென்பொருள் கடைசி நிறுத்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணும். வைத்தியசாலையில் 15 நிமிடம் இழுக்கலாம், போரதீவில் 10தான். அதற்கு முன் எங்கே சுணங்கினாலும் அந்த 10தான் எல்லை. நிறுத்தத்துக்கு ஒன்றாக இந்த எண் கையிலிருந்தால் மீதி வெறும் கூட்டல் கழித்தல்.

இப்போது பழுகாமத்திலிருந்து அதே வைத்தியசாலைக்கு ஓர் அழைப்பு. 3 நிறுத்தங்களுக்குள் ஓர் ஏற்றத்தையும் இறக்கத்தையும் செருக 4+3+2+1, அதாவது 10 வழிகள். போரதீவுக்கு முன் திரும்பினால் 12 நிமிடம் கூடும். 10ஐ மீறுவதால் தள்ளுபடி. பின் திரும்பினால் 14 கூடும். நீளம்தான், ஆனாலும் 15க்குள் அடங்குகிறது, ஏற்கப்படும். போரதீவுக்காரரின் 15 நிமிடப் பயணம் 29 ஆகிறது. நேர்ப்பயணத்தின் இருமடங்கு வரை என்று விதி வைத்திருந்தால் மயிரிழையில் தப்பும். மிச்சம் ஒரே நிமிடம். வீதியில் மாட்டுப்பட்டி படுத்திருந்தால் அதுவும் போச்சு. அதனால் அனுபவசாலிகள் 5 நிமிடத்தைத் தொடாமல் ஒதுக்குவார்கள்.

இங்கே பெரிய பொறி வாவி. நேர்கோட்டில் தூரம் அளந்தால் மண்டூரும் குருமண்வெளியும் பக்கத்துப் பக்கம், நடுவில் தண்ணீர். வீதி வலையமைப்பில்தான் அளக்க வேண்டும். வாகனங்களை அக்கரை சேர்க்கும் பாதைப் படகுக்குக் காத்திருப்பு நேரம் சேர்க்க வேண்டும். காற்று, வெள்ள நாட்களில் அந்த இணைப்பை ஒரே அழுத்தில் துண்டிக்கும் வசதி வான்களை அனுப்பும் பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும். வரைபடம் பழையதென்றால் 2014இல் திறந்த மண்முனைப் பாலமே இல்லாமல் போகும்.

வீதிவழித் தூரமும் நேரமும் கணிக்கும் ஓ.எஸ்.ஆர்.எம், நிறுத்தங்களை வரிசைப்படுத்தும் வ்ரூம் போன்ற திறந்தமூல மென்பொருள்கள் இலவசம். வெளிநாட்டு மென்பொருள் உரிமத்துக்குக் கொட்டும் பணத்தில் சிறு பங்கைக் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கொடுத்து, ஒழுங்கைகளையும் கோயிலடிச் சந்திகளையும் வரைபடத்தில் ஏற்றச் சொல்வதே புத்தி. ராகுகாலம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வான் கேட்டால் மட்டும் எந்த மென்பொருளும் கைவிரிக்கும்.

சிக்னல் அறும் இடங்களுக்காக, சாரதியின் கைபேசி அன்றைய பட்டியலைப் புறப்படும்போதே இறக்கி வைத்திருக்க வேண்டும். ஏற்றியதும் இறக்கியதும் நேரத்துடன் அதிலேயே பதிவாகி, சிக்னல் வந்ததும் போய்ச் சேரும். அதுவரை அந்த வானுக்குப் புதிய ஆளைச் செருகக்கூடாது.