கைஜூ என்றால் அரக்கன் இல்லை

தமிழ் வசனத்தோடு வரும் ஜப்பானியப் படங்களில் கோஜிராவை "அரக்கன்" என்று அழைப்பதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. காட்ஸில்லா என்று நாம் சொல்லும் அதே கோஜிராதான். அது அரக்கன் இல்லை, கைஜூ.

சொல்லின் பிறப்பு எளிது. சீன எழுத்துகள் இரண்டு: 'கை' என்றால் இயல்புக்கு மாறான, புதிரான, 'ஜூ' என்றால் விலங்கு. 1954-இல் ஹோண்டா இஷிரோ இயக்கிய 'கோஜிரா' வந்தபின் இத்தகைய விலங்குகள் வரும் திரைவகைக்கே அது பெயராக நிலைத்தது. கோஜிரா என்ற பெயரிலும் இரண்டு விலங்குகள்தான்: கொரில்லாவும், திமிங்கலத்தைக் குறிக்கும் 'குஜிரா'வும்.

அரக்கனுக்குக் குலம் உண்டு, பேச்சு உண்டு, ஆசையும் பகையும் உண்டு. அவன் தவறு செய்கிறான், அதற்காக அழிகிறான். கோஜிரா என்ன தவறு செய்தது? கடலடியில் கிடந்த பழங்கால உயிரை ஹைட்ரஜன் குண்டுச் சோதனை கிளப்பிவிட்டது. அதைக் கொல்லக் கூடாது, ஆராய வேண்டும் என்று அந்தப் படத்திலேயே முதிய அறிஞர் யாமானே மன்றாடுகிறார். அரக்கன் என்ற ஒரே சொல்லில் அந்த இரக்கம் முழுக்க அடிபட்டுப் போகிறது. இன்னொன்று, நம் ராட்சசன் பௌத்தத்தோடு என்றைக்கோ ஜப்பானுக்குப் போய்விட்டான். அங்கே அவன் பெயர் 'ரசெட்சு'. அரக்கனுக்கு அவர்களிடம் தனிச்சொல் இருக்கும்போது கைஜூவின் தலையில் அதை ஏன் கட்ட வேண்டும்?

சரி, "ராட்சத மிருகம்"? இதில் விலங்காவது இருக்கிறது. ஆனால் கைஜூ என்ற சொல்லில் அளவே கிடையாது. பெரியது என்று சொல்ல 'டாய்' என்ற முன்னொட்டைச் சேர்த்து 'டாய்கைஜூ' என்பார்கள். 1966-இல் வந்த 'உல்ட்ரா கியூ' என்ற ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரில் காசாசை பிடித்த சிறுவன் கனெகோன் என்ற விந்தை உயிராக மாறி நாணயங்களைத் தின்கிறான். உயரம் இரண்டு மீட்டர்தான், அதுவும் கைஜூவே. அதைப் போய் ராட்சத மிருகம் என்பதா? மொழிபெயர்ப்பவர்கள் 'மான்ஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்து எழுதுகிறார்கள், ஜப்பானிய மூலத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை போலும்.

அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது தொல்காப்பியம்: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன்). முதல் இரண்டையும் சேர்த்தால் அதுதான் கைஜூ! ஆனால் அணங்கு என்றால் இன்று அழகிய பெண் என்றுதான் படிப்பார்கள். ஆகவே நான் மருளை எடுக்கிறேன். மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, அதே நூல் சொல்லும் காரணங்களில் புதுமையும் உண்டு, பெருமையும் உண்டு, சிறுமையும் உண்டு. கோஜிராவுக்கும் பொருந்தும், கனெகோனுக்கும் பொருந்தும்.

கைஜூ: மருள்விலங்கு. டாய்கைஜூ: பெருமருள்விலங்கு. ரசிகர்கள் தங்களுக்குள் கைஜூ என்றே பேசிக்கொள்ளட்டும், அதில் குறையில்லை. தமிழில்தான் சொல்வேன் என்பவர்கள் அரக்கனை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்ளலாம்.