கம்பத்துக் கோழி வளர்க்க முதலில் எந்தக் கதவைத் தட்டுவது?

போன மாதம் ஜாவியிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. உள்ளே டெக்குன் என்ற அரசு நிறுவனத்தின் சிறுதொழில் கடன் விண்ணப்பம், அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. "தம்பி, முந்நூறு குஞ்சு வாங்கப்போகிறேன். கையெழுத்து எங்கே போடுவது என்று மட்டும் காட்டுங்கள்" என்றார். கோழிகளை எங்கே விடப்போகிறீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் காலி நிலம் இருக்கிறதாம். யாருடைய நிலம் என்றதற்கு, "யாருடையதோ, இருபது வருடமாகச் சும்மாதான் கிடக்கிறது" என்றார்.

கோப்பை மூடி அவர் கையிலேயே கொடுத்தேன். பினாங்கின் செபராங் பிறையில் கம்பத்துக் கோழி, அதாவது நாட்டுக் கோழி, வளர்க்க ஆசைப்படும் நம்மவர்கள் பலர் இப்படித்தான் கடைசிக் கதவை முதலில் தட்டுகிறார்கள். நிலம், கால்நடைத் துறை, வணிகப் பதிவு, பிறகுதான் பணம். இந்த வரிசை மாறினால் வாங்கிய கடன் கோழிக்குப் போகாது, அபராதத்துக்கும் கூண்டு பிரிக்கும் கூலிக்கும் போகும்.

நிலத்திலிருந்து வருவோம். உங்கள் கிராண்டை, அதாவது நிலப் பத்திரத்தை, எடுத்துப் பாருங்கள். நிலத்தின் வகை என்ற இடத்தில் 'பெர்தானியான்' (விவசாயம்) என்று இருந்தால் நிம்மதி. 'பங்குனான்' என்றிருந்தால் அது வீடு கட்டக் கொடுத்த நிலம். அங்கே பண்ணை வைப்பது நில நிபந்தனையை மீறுவதாகும். அரசு நிலம் என்றால் நில அலுவலகத்தில் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் கேட்கலாம். பழைய ஆட்கள் டி.ஓ.எல். என்று சொல்வது இதைத்தான். எந்த மாதத்தில் வாங்கினாலும் அது டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதியாகிவிடும். அக்டோபரில் வாங்கினாலும் அதே கதைதான். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், புதுப்பித்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அரசுக்குக் கட்டாயமும் இல்லை. அப்படிப்பட்ட நிலத்தில் சிமெண்டுத் தரை போட்டுக் கொட்டகை கட்டுகிறவரை நான் தடுப்பேன். மூங்கிலும் வலையும் போதும். தோட்டத்து லயத்தில் இன்னும் குடியிருப்பவர்கள் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கங்காணி தலையாட்டிய காலம் போய்விட்டது.

வரிசை வீட்டுக் கொல்லையில் நாலைந்து கோழி வைத்திருப்பவரைத் தேடி யாரும் வருவதில்லை, பக்கத்து வீட்டார் புகார் கொடுக்கும்வரை. புகார் பெரும்பாலும் சேவல் கூவுவதைப் பற்றி இருக்காது. ஈயையும் நாற்றத்தையும் பற்றி இருக்கும். அது மாநகர் மன்றத்தின் துணைச் சட்டத்துக்குள் வரும் விஷயம். விற்பனைக்கென்று வளர்க்க நினைத்தால் குடியிருப்புப் பகுதியை மறந்துவிடுவது நல்லது.

அடுத்த கதவு கால்நடை சேவைத் துறை. இங்கே போகப் பலர் பயப்படுகிறார்கள், போனால் மாட்டிக்கொள்வோம் என்று. உண்மையில் சிறு பண்ணையாளருக்கு அதிகம் பயன்படும் அலுவலகம் இதுதான். பண்ணையைப் பதிந்துகொண்டால் தடுப்பூசி ஆலோசனையும் பயிற்சியும் கிடைக்கும். பின்னாளில் மைகேப் என்ற நல்ல பண்ணை நடைமுறைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும் அந்தப் பதிவுதான் அடிப்படை. பினாங்குக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. துறையின் வட வட்டார ஆய்வுக்கூடம் புக்கிட் தெங்காவில், நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோழி காரணம் தெரியாமல் செத்தால் குழி தோண்டிப் புதைத்துவிட்டு அழாதீர்கள். இரண்டு பையில் கட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அன்றைக்கே கொண்டுபோங்கள். உறைய வைத்துவிட்டால் திசுவைப் பார்த்து நோயைச் சொல்வது கடினமாகிவிடும்.

நோய் வந்தால் சொல்லியாக வேண்டும் என்பது 1953ஆம் ஆண்டு விலங்குச் சட்டத்தின் கட்டாயம். இதைச் சும்மா மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2006 பிப்ரவரியில் கோலாலம்பூர் செத்தாப்பாக் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்தபோது முதலில் செத்தவை பெரிய பண்ணைக் கோழிகள் அல்ல, கம்பத்தில் மேய்ந்து திரிந்த கோழிகள். அடுத்த மாதமே பினாங்கிலும் வந்தது. மேய்கிற கோழி காட்டுப் பறவையோடும் பக்கத்துக் கோழியோடும் கலக்கிறது. நம் கோழிக்கு ருசியைக் கொடுக்கும் அதே பழக்கம்தான் ஆபத்தையும் கொண்டுவருகிறது.

ஆனால் சிறு பண்ணைகளை அடிக்கடி காலி செய்வது பறவைக் காய்ச்சல் அல்ல, வெள்ளைக் கழிச்சல். மலாயில் சம்பார் ஆயாம் என்பார்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், மூன்று நாளில் கொட்டகை காலி. என் கொல்லையிலும் இது நடந்திருக்கிறது: 40 கோழி, ஒரே வாரம். தடுப்பு மருந்து போடாததற்கு நான் சொன்ன காரணம், ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிக்கான மருந்து வருகிறது, என்னிடம் நாற்பதுதானே என்பது. அக்கம்பக்கத்தில் நாலு வீட்டார் சேர்ந்து ஒரே காலையில் குப்பியைத் திறந்திருந்தால் தீர்ந்திருக்கும். இதில் வருத்தமான வேடிக்கை ஒன்றுண்டு. குளிர்பெட்டி இல்லாத கம்பத்துக் கோழிகளுக்காக வெப்பம் தாங்கும் வி-4 தடுப்பு மருந்தைத் தீவனத்திலேயே கலந்து கொடுக்கும் முறையை 1980களில் ஆராய்ந்து பார்த்தவர்களில் நம் செர்டாங் விவசாயப் பல்கலைக்கழகத்தாரும் உண்டு.

இனி தீவனம். லாபமும் நட்டமும் இங்கேதான் முடிவாகிறது. வளர்ப்புச் செலவில் 60 முதல் 70 விழுக்காடு தீவனத்துக்கே போகும். "கம்பத்துக் கோழிதானே, தானாக மேய்ந்துகொள்ளும்" என்பவர் ஆறு மாதம் கழித்தும் 900 கிராம் கோழியோடுதான் நிற்பார். வீட்டுக் குழம்புக்கு அது அமிர்தம், வியாபாரத்துக்கு உதவாது.

ஒரு கணக்குப் போடுவோம். இன்று விற்கும் கலப்பினக் கம்பத்துக் கோழி ஒரு கிலோ எடை கூட ஏறக்குறைய 3 கிலோ தீவனம் தின்னும். ஒன்றரைக் கிலோ கோழிக்கு நாலரைக் கிலோ. தீவனம் கிலோ 2 ரிங்கிட் 50 சென் என்று வைத்துக்கொண்டால் ஒரு கோழிக்குத் தீவனம் மட்டும் 11 ரிங்கிட் 25 சென். பத்தாவது வாரத்தில் ஒரு கோழி செத்தால் அந்தப் பணத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டுத்தான் சாகிறது. தடுப்பு மருந்தில் மிச்சம் பிடிப்பதை நான் ஏன் மடத்தனம் என்கிறேன் என்று இப்போது புரியும்.

முதல் 4 வாரம் குஞ்சுக்குக் கடைத் தீவனமே கொடுங்கள். 20 விழுக்காட்டுக்குக் குறையாத புரதம் வேண்டும். அதன்பிறகு 16 விழுக்காடு போதும், அங்கேதான் கைவேலைக்கு இடமிருக்கிறது. அரிசிக் குருணையிலும் சோளத்திலும் புரதம் 8 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும், சோயாப் பிண்ணாக்கில் 44 அளவு. 100 கிலோ கலவையில் 22 கிலோ சோயா சேர்த்தால் 16 வந்துவிடும். தாது உப்புக் கலவையைத் தனியாகச் சேர்க்க வேண்டும். குருணையை மட்டும் அள்ளிப் போட்டால் கொழுப்பு ஏறும், சதை ஏறாது. செம்பனைப் பிண்ணாக்கு நம் ஊரில் மலிவு, ஆனால் நார் அதிகம். அளவோடுதான் சேர்க்க முடியும். சந்தையில் இலவசமாகக் கிடைக்கும் தேங்காய்ச் சக்கையை அன்றே தீர்த்துவிடுங்கள். மறுநாள் சிக்கு வாடை வந்தால் குப்பைக்குத்தான். உணவுக்கடை மிச்சத்தில் உப்பும் மிளகாயும் எவ்வளவு என்று கோழியால் சொல்ல முடியாது, அதன் கழிச்சல் சொல்லிவிடும்.

தீவனத்துக்கும் சட்டம் உண்டு. 2009ஆம் ஆண்டு கால்நடைத் தீவனச் சட்டமும், 2012இல் அதன்கீழ் வந்த விதிகளும், எந்தெந்த ஆண்டிபயாடிக், ஹார்மோன், ரசாயனம் தீவனத்தில் இருக்கக் கூடாது என்று சொல்கின்றன. கொலிஸ்டின் என்ற மருந்தைத் தீவனத்தில் சேர்ப்பது 2019 ஜனவரி 1 முதல் தடை. 'சீக்கிரம் எடை ஏறும் பவுடர்' என்று பெயரில்லாத பொட்டலத்தை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். நோய்க்கு மருந்து கொடுத்தால், மருந்து உடலைவிட்டு நீங்கக் குறிப்பிட்ட நாள்கள் கழியும்வரை அந்தக் கோழியை விற்கவும் கூடாது.

தீவனத்துக்கு மானியம் உண்டா என்று கேட்காதவர் இல்லை. 2022இல் அரசு கோழிக்கு உச்சவிலை வைத்து மானியம் கொடுத்தது, ஆனால் அது சாதாரணப் பண்ணைக் கோழிக்கு. 2023 நவம்பர் 1இல் அதுவும் நின்றது. முட்டை மானியம் 2025 ஆகஸ்ட் 1இல் முடிந்தது. கம்பத்துக் கோழிக்கு விலைக் கட்டுப்பாடு இல்லை என்பதே நமக்குக் கிடைத்த சலுகை. 2022 ஜூனில் கோழி ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோதுகூட, கம்பத்துக் கோழிக்கும் கருங்கோழிக்கும் இரண்டே வாரத்தில் தடை நீங்கியது.

விற்பனையில் ஓர் எச்சரிக்கை. அறுத்துப் பொட்டலம் கட்டி 'ஹலால்' என்று நீங்களே அச்சடித்து ஒட்டக் கூடாது. மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் அல்லது மாநில இஸ்லாமிய சமய அலுவலகத்தின் சான்று இல்லாமல் அப்படிச் செய்வது 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். சிறிய அளவில் வளர்ப்பவருக்கு உயிரோடு விற்பதே தோது. நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரம், சீனப் புத்தாண்டு, ஆடி மாத முனியாண்டி பூசை ஆகிய மூன்றையும் நாள்காட்டியில் குறித்துக்கொண்டு 14 வாரம் பின்னோக்கி எண்ணிக் குஞ்சு இறக்குங்கள். முனியாண்டிக்குச் சிவப்புச் சேவல் கேட்பவர் கிலோக் கணக்குப் பேச மாட்டார்.

இப்போதுதான் பணக் கதவு. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப் பெயர் வைத்தால் 60. டெக்குனின் ஸ்பூமி இந்தியர்களுக்கென்றே உள்ள கடன் திட்டம், 50,000 ரிங்கிட் வரை போகும். கடன் என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். இதை மானியம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். திருப்பிக் கட்ட வேண்டாத உதவி வேண்டுமென்றால் விவசாய அமைச்சின் இளம் விவசாயத் தொழில்முனைவர் மானியத்தைப் பாருங்கள். அது 20,000 ரிங்கிட் வரை. இளையோருக்கானது, ஏற்கெனவே தொழில் நடத்துபவராகவும் இருக்க வேண்டும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்பிலும் சேரலாம். குறைந்த திட்டத்துக்கு ஆண்டுச் சந்தா 157 ரிங்கிட் 20 சென். அதில் ஒரு பகுதியை அரசு ஏற்கும் சலுகை இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டே கட்டுங்கள்.

ஜாவி அக்கா போன வாரம் மறுபடி வந்தார். கொல்லை நிலம் வேறொருவர் பெயரில் இருந்ததாம், விட்டுவிட்டார். சுங்கை பாக்காப்பில் அண்ணனுக்கு அரை ஏக்கர் பெர்தானியான் நிலம் இருக்கிறது, அங்கே 50 குஞ்சு இறக்கியிருக்கிறார். பிளாஸ்டிக் கோப்புக்குள் கடன் விண்ணப்பம் இன்னும் நிரப்பாமல் கிடந்தது. அதன்மேல் ஒரு பள்ளிக்கூட நோட்டு. முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: "குஞ்சு 50. செத்தது 2. தீவனம் ஒரு மூட்டை. மருந்துக் குப்பி, நாலு வீட்டுப் பங்கு."