25 சதவீத இடம்: அரசு பாக்கி வைத்தால் பெற்றோரிடம் கட்டணம் கேட்கலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களுக்கு வழக்கமாக விண்ணப்பம் வாங்குவார்கள். ஏழை, பின்தங்கிய வீட்டுக் குழந்தைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 12 தந்த இடம் இது. எல்.கே.ஜி.யில் சேர்ந்தால் எட்டாம் வகுப்பு வரை கட்டணம் கிடையாது. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். ஜூலை 31-க்குள் குழந்தைக்கு 3 வயது நிரம்பியிருக்க வேண்டும். விண்ணப்பம் கூடினால் குலுக்கல்.

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊரான பாம்பனில் ஓர் அக்கா பிளாஸ்டிக் பையில் காகிதங்களோடு வந்தார். உப்பு ஈரத்தில் குடும்ப அட்டையும் பிறப்புச் சான்றும் ஒட்டிக் கிடந்தன. "படகுல பங்குதான் தம்பி, மாசச் சம்பளம் இல்ல. வருமானச் சான்றுக்கு என்னன்னு எழுதச் சொல்ல?" என்றார். இரண்டு வாரம் அலைந்திருக்கிறார். அவருக்கு அந்தச் சான்றே தேவையில்லை! ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்ற நிபந்தனை நலிவடைந்த பிரிவுக்குத்தான். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருகிறார்கள். சாதிச் சான்று போதும். நம் கடற்கரையில் பெரும்பாலோர் இதில் அடங்குவர்.

இன்னொரு சிக்கல், ஒரு கிலோமீட்டருக்குள் தேடினால் பள்ளியே பட்டியலில் இல்லாதது. மத, மொழிச் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட பள்ளிகள் உள்ள தங்கச்சிமடம், கீழக்கரை போன்ற ஊர்களில் அது நேரடியாகத் தைக்கும். அந்தப் பள்ளிகள் இந்தக் கரைக்குச் செய்தது பெரிது. சிறுபான்மையினர் தாங்களே பள்ளி நடத்த அரசியல் சாசனத்தின் 30-வது பிரிவு தரும் உரிமையும் எனக்கு முக்கியம். ஆனாலும் ஏழைக் குழந்தைக்குக் கதவு மூடியிருப்பது வலிக்கிறது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதி அமர்வு அந்தத் தீர்ப்பின் மீது ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பியது.

இனி பண விவகாரம். குழந்தையின் கட்டணத்தை மாநில அரசு பள்ளிக்குத் தரும். அதில் ஒன்றிய அரசின் பங்கு சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டம் வழியே, ஒன்றியம் 60, மாநிலம் 40 என்ற கணக்கில் வர வேண்டும். பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25 நிதி நின்றது. புதிய கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் ஒப்பந்தம் அது. 2025 மே மாதம் வட்டியோடு 2,291 கோடி ரூபாய் கேட்டு, ஒன்றிய-மாநில வழக்குகளை நேரடியாகத் தொடுக்க வழிசெய்யும் அரசியல் சாசனத்தின் 131-வது பிரிவின் கீழ் மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், 25 சதவீத இடத்துக்கான பணத்தைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்றது. ஆனாலும் அந்த ஆண்டு சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. பள்ளி திறந்து நாலு மாதம் போயிருந்தது.

1976-ல் 42-வது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து, இரு அரசுகளும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்கு மாற்றியதிலிருந்தே இந்த இழுபறி. கல்வி உரிமைச் சட்டத்தின் 7-வது பிரிவோ, நிதி இரு அரசுகளுக்கும் கூட்டுப் பொறுப்பு என்கிறது. பெற்றோர் பொறுப்பு என்று எங்கும் சொல்லவில்லை.

அதனால் "அரசுப் பணம் வரலை, நீங்க கட்டுங்க" என்று பள்ளி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதின் நகலை இணைத்து, ராமநாதபுரம் முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். மனு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.