திரையில் தெரியாத பழுதுகள்: மின்தடை அழைப்பில் என்ன சொல்ல வேண்டும்?

பினாங்கில் மின் விநியோகக் கட்டுப்பாட்டு அறையில் பணிபுரிகிறேன் என்று சொன்னால், ஒவ்வொரு வீட்டு விளக்கும் எங்கள் திரையில் தெரியும் என்றே பலர் எண்ணிக்கொள்கிறார்கள். எங்கள் பார்வை அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. 33 அல்லது 11 கிலோவோல்ட் தடத்தில் பிரேக்கர் (பழுது வந்தால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் சில விநாடிகளில் அலாரம் ஒலிக்கும். ஆனால் மின்மாற்றியில் 400 வோல்ட்டாக இறங்கி, தெருவோரப் பெட்டி வழியாக உங்கள் வீட்டுக்கு வரும் கடைசித் தடம் பெரும்பாலும் எங்களுக்குத் தெரியாது. ஜெலுத்தோங்கில் ஒரு லோரோங்கில் (சந்தில்) மட்டும் ஃபியூஸ் போயிருந்தால், யாராவது மின் நிறுவனத்தின் 15454 எண்ணுக்கு அழைத்துச் சொன்னால்தான் உண்டு. அடுத்த வீட்டுக்காரர் சொல்லியிருப்பார் என்று எல்லோருமே காத்திருக்கும் இரவுகளும் உண்டு.

அழைக்கும்போது "கரண்ட் இல்லை" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். தெரு முழுவதும் இருட்டா, உங்கள் வீடு மட்டுமா, தெருவிளக்கு எரிகிறதா, வெடிச்சத்தமோ புகையோ இருந்ததா, பக்கத்துத் துணை மின்நிலையத்தில் எழுதியிருக்கும் பெயர் என்ன என்பவற்றைச் சொன்னால், பழுதுபார்க்கும் குழுவை நேராக அந்த இடத்துக்கே அனுப்ப முடியும். அக்கம்பக்கத்தில் மின்சாரம் இருந்து, உங்கள் வீட்டு ஈஎல்சிபி (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச்) மட்டும் விழுந்திருந்தால் கோளாறு வீட்டுக்குள்தான். அதற்கு உரிமம் பெற்ற வயர்மேனே வர வேண்டும்.

நான் மிகவும் அஞ்சும் அழைப்பு இருட்டைப் பற்றியது அல்ல. பிறையிலிருந்து ஓர் அம்மா சொன்னதை அழைப்பு மையம் பதிந்து என் மேசைக்கு அனுப்பியிருந்தது: கூடத்து விளக்கு கண்ணைப் பறிக்கிறது, மின்விசிறி பேய் வேகத்தில் சுற்றுகிறது, எதிர்வீட்டிலோ விளக்கு மங்கிக் கிடக்கிறது. உடனே அவரை அழைத்து, "மெயின் சுவிட்சை இப்போதே இறக்கிவிடுங்கள் அம்மா, மற்றதைப் பிறகு பேசலாம்" என்றேன். தெருவுக்கு வரும் நியூட்ரல் கம்பி, அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் பொதுக் கம்பி, அறுந்ததன் அடையாளம் அது. அது அறுந்ததும், வெவ்வேறு ஃபேஸில் (தெருவுக்கு மின்சாரம் கொண்டுவரும் மூன்று கம்பிகளில் ஒன்றில்) உள்ள வீடுகள் 400 வோல்ட்டைத் தங்களுக்குள் ஏற்றத்தாழ்வாகப் பங்கிட்டுக்கொள்ளும். குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் பக்கத்தில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மிக அதிகமாக ஏறி, குளிர்சாதனப்பெட்டியும் தொலைக்காட்சியும் கருகும். இதில் பிரேக்கர் விழாமலே போகலாம். எங்கள் அறையிலும் அலாரம் ஒலிக்காது. விளக்கு வழக்கத்துக்கு மாறாகப் பளிச்சிட்டால் அதுவே அவசர அழைப்பு.

"எதிர்த் தாமானுக்கு (குடியிருப்புக்கு) வந்துவிட்டது, அங்கே டத்தோ பட்டம் பெற்ற பெரியவர் இருக்கிறார் போல" என்ற கோபத்தையும் அடிக்கடி கேட்கிறேன். மருத்துவமனைகளுக்கு முன்னுரிமை உண்டு என்பது உண்மைதான். மற்றபடி வரிசையைத் தீர்மானிப்பது சுவிட்சுகள் இருக்கும் இடமே. 11 கிலோவோல்ட் தடங்கள் பெரும்பாலும் வளையமாக அமைந்திருப்பதால், பழுதான துண்டை இருபுறமும் பிரித்துவிட்டு, மீதியை மறுபக்கத்திலிருந்து ஊட்டலாம். சில சுவிட்சுகளை அறையிலிருந்தே இயக்கிவிடுவோம். மற்றவற்றுக்கு, மாலை நெரிசலில் ஊர்ந்து ஒருவர் போய்ச் சேர்ந்து கையால்தான் இயக்க வேண்டும்.

பழுது கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் தாமதமாவதற்குக் காரணம் இருக்கிறது. மின்சாரத்தைப் பிரித்து, பூட்டுப் போட்டு, மின்னழுத்தம் இல்லை என்று சோதித்து, கம்பியை நிலத்தோடு இணைத்த பிறகே வேலை அனுமதிச் சீட்டு வழங்கப்படும். தொலைபேசியில் நான் சொல்லும் ஒவ்வொரு கட்டளையையும் களத்தில் இருப்பவர் திருப்பிச் சொல்வார். அது பொருந்தினால்தான் அடுத்த படி. சீட்டை வாங்கியவர் தம் ஆட்கள் அனைவரும் விலகிவிட்டதாக உறுதிசெய்து அதைத் திருப்பித் தரும்வரை, எத்தனை புகார் குவிந்தாலும் அந்தத் தடத்துக்கு மின்சாரம் கொடுக்க மாட்டோம்.

இந்த ஏற்பாட்டையெல்லாம் ஒரு வீட்டு ஜெனரேட்டர் குலைத்துவிடக்கூடும். அதைச் சுவர்ச் சாக்கெட்டில் செருகினால் மின்சாரம் தெருவுக்குத் திரும்பிப்போய், மின்மாற்றியில் தலைகீழாக ஏறி, செத்துக்கிடப்பதாக நம்பப்படும் கம்பியை உயிர்ப்பிக்கலாம். தெரு மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் இணையாமல் தடுக்கும் மாற்றுச் சுவிட்சை வயர்மேனைக் கொண்டு பொருத்திய பிறகே ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கோடு இணையுங்கள். புயலில் அறுந்து விழுந்த கம்பிக்கும் இதே எச்சரிக்கைதான்: சில தடங்களில் பிரேக்கர் மின்சாரத்தைத் தானாகவே மீண்டும் இணைத்துப் பார்க்கும் என்பதால், அசையாமல் கிடக்கும் கம்பியில் முன்னறிவிப்பின்றி மின்சாரம் பாயலாம்; பத்து மீட்டருக்கு அப்பால் நின்று, மற்றவர்களையும் தடுத்துவிட்டு அழையுங்கள்.