பிரியாணி போட்டோம், டி.ஜே. வச்சோம், அப்புறமும் ஏன் போறாங்க?

ஊழியர்கள் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று போன வாரம் இன்னொரு ஜவுளிக்கடையில் புலம்பல். இந்த வருடத்தில் இது நாலாவது. "சார், ஸ்டாஃபுக்கு டி.ஜே. வச்சோம், பிரியாணி போட்டோம், மியூசிக்கல் சேர் விளையாட விட்டோம். தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் பட்டு செக்‌ஷன்ல ஆறு பேர் வேலையை விட்டு நின்னுட்டாங்க. இதுக்கு மேல என்னதான் செய்யறது?" என்று ஃப்ளோர் மேனேஜர் புலம்பினார்.

நின்றவர்களில் ஒரு பெண்ணிடம் பேசினேன். சம்பளத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "நாப்பது புடவை விரிச்சுக் காட்டியும் கஸ்டமர் வாங்காம எழுந்தா, அவங்க காதுல விழற மாதிரியே மேனேஜர் எங்களைத் திட்டுவாரு சார். ராத்திரி அவரே மைக்கைப் புடிச்சு 'எல்லாரும் ஆடுங்க'ன்னா, எப்படி ஆடறது?"

வேலையில் சந்தோஷம் என்றால் வேலைக்கு நடுவில் விளையாட்டைச் செருகுவது என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ! நாளெல்லாம் நின்ற கால்களுக்குக் கடை சாத்தியபின் மியூசிக்கல் சேர் என்பது இன்னொரு ஷிப்ட். வராதவர்களைக் குறித்தும் வைக்கிறார்கள், கேட்டால் டீம் ஸ்பிரிட்டாம். ஐயா, கல்யாணப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வருகிறது. பெண்ணின் நிறத்தைப் பார்த்து, அம்மாவின் பட்ஜெட்டைப் பேச்சிலேயே பிடித்து, மூன்றாவது புடவையிலேயே "இதுதான்" என்று சொல்ல வைக்கிறாரே உங்கள் சேல்ஸ் பெண், அந்த நிமிடம் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. நீங்கள் குறுக்கே விழாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

மோசமான மேற்பார்வையும் சூழலும் அதிருப்தியைத் தரும். அவற்றைச் சரிசெய்தால் அதிருப்தி அடங்கும், ஆனால் ஊக்கம், செய்யும் வேலையிலிருந்தும் பாராட்டிலிருந்தும் பொறுப்பிலிருந்தும்தான் வரும் என்று அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959லேயே எழுதிவிட்டார். எம்.பி.ஏ.வில் இதை எழுதி மார்க் வாங்கியவர்கள்தான் இன்று டி.ஜே. புக் பண்ணுகிறார்கள்.

திட்டியே ஆகவேண்டுமென்றால் ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டுப் பேசுங்கள், கஸ்டமர் முன்னால் கூடவே கூடாது. நன்றாக விற்றவரை அன்றைக்கே, பெயர் சொல்லி, என்ன செய்தார் என்றும் சொல்லிப் பாராட்டுங்கள். வார லீவை முந்தின ராத்திரி மாற்றாதீர்கள். ஆடித் தள்ளுபடி என்ன, திடீரென்றா வருகிறது? எந்த ரேக்கில் எந்த டிசைன் என்பதைத் தயவுசெய்து செக்‌ஷன்காரர்களிடம் விடுங்கள். "இந்த பார்டர்ல வேற கலர் இல்லையா" என்ற கேள்வி முதலில் விழுவது அவர்கள் காதில்தான்.

அப்புறம், உட்காருவது. கேரளம் 2018ல் கொண்டுவந்த உட்காரும் உரிமையைத் தமிழ்நாடும் 2021ல் கடைகள் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்தது. ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விடவேண்டும். இந்தக் கடையிலும் ஸ்டூல் இருக்கிறது. கேட்டால் காட்டுவார்கள்.

பொங்கலுக்கு உறியடி வைக்கலாமா என்று நேற்று அதே மேனேஜர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். தாராளமாக வையுங்கள் சார். அதற்கு முன்னால் அந்த ஸ்டூல்களின் மேல் அடுக்கியிருக்கிற அட்டைப்பெட்டிகளை இறக்கிவிடுங்கள் என்று பதில் போட்டேன்.