விளையாட்டுப் பையை வாசலிலேயே வைத்துவிட்டு

ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. ப்ரூக்ளினின் பரோ பார்க் பகுதியில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு. சமையலறை மேசையில் ஐந்து பவுண்ட் மைதா பை பிரித்து வைத்திருக்கிறது. அக்காமார் இருவர் ஈஸ்ட் பொங்குகிறதா என்று கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டரை வயதுப் பையன் மட்டும் மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்கிறான். பிசுபிசுப்பாக எதைத் தொட்டாலும் அவனுக்கு ஆகாது. தயிர், பசை, ஈர மணல், எது கையில் பட்டாலும் ஒரே அலறல். அவனுக்காகத்தான் வாரத்துக்கு இரண்டு முறை அந்த மூன்று மாடி ஏறுகிறேன்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர். நியூயார்க்கில் வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்குப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை 'ஏர்லி இன்டர்வென்ஷன்' என்றொரு அரசுத் திட்டம் இருக்கிறது. தெரபிஸ்ட் வீட்டுக்கே போவார், பெற்றோர் கைக்காசு போட வேண்டியதில்லை. பரோ பார்க், வில்லியம்ஸ்பர்க் பக்கம் வேலை எடுத்தால் போகிற வீடுகளில் பெரும்பாலானவை, மத மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஹசிடிக் யூதக் குடும்பங்களுடையவை. வீட்டில் பேசுவது இத்திஷ். தண்ணீருக்கு 'வாசர்', போதும் என்பதற்கு 'கெனுக்', இன்னொரு தடவை என்பதற்கு 'நொக் அமோல்'. இந்த மூன்று சொற்களை வைத்துக்கொண்டே முதல் வருடத்தை ஓட்டிவிட்டேன்.

ஆரம்பத்தில் பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவேன். களிமண், மணிகள், சாயம் போட்ட அரிசி, நுரை. சாயம் போட்ட அரிசியைத் தட்டில் கொட்டியதும் ஒரு பாட்டியின் முகம் சுருங்கியது. சாப்பிடுகிற பொருளை வைத்து விளையாடுவதா? நம் பாட்டிகள் கேட்கிற அதே கேள்வி, அதே முகம். அப்புறம் உணவுப் பொருள் எதையும் நான் கொண்டுபோவதில்லை. யூத உணவு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் கோஷர் முத்திரை இல்லாத பிஸ்கட் ஒன்றைப் பரிசாக நீட்டினாலும் அந்தத் தாய்க்கு அது தர்மசங்கடம். போகப் போக, பையே தேவையில்லை என்று புரிந்தது. கோடையில் பள்ளி மூடி, பெரிய பிள்ளைகள் முகாம்களுக்குக் கிளம்பிய பிறகு, "வீட்டில் இருக்கிற சின்னதுகளை வைத்துக்கொண்டு நாள் முழுக்க என்ன செய்வது?" என்று கேட்காத தாய் இல்லை. நான் சொல்வது, நீங்கள் எப்படியும் செய்யப்போகிற வேலையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

மைதாவுக்கு வருவோம். வாராந்திர ஓய்வு நாளான ஷப்பாத்துக்கான ஹல்லா ரொட்டிக்கு ஐந்து பவுண்ட், அதாவது இரண்டேகால் கிலோ மாவை ஒரே முட்டாகப் பிசையும் வீடுகள் நிறைய. அந்த அளவு இருந்தால்தான் சந்தேகமில்லாமல் பிரார்த்தனை சொல்லி, மாவிலிருந்து ஒரு துண்டைப் பிரித்தெடுத்து எரிக்கலாம் என்பது அவர்கள் மதக் கணக்கு. இரண்டேகால் கிலோ மாவைக் குத்திப் பிசைவது எனக்கே உடற்பயிற்சி. தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மூட்டுகளுக்கெல்லாம் அழுத்தம் கிடைக்கிற இந்த மாதிரி வேலை, துள்ளிக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் பலரைக் கொஞ்சம் அமைதிப்படுத்தும். நீளமாகத் திரிக்க இரண்டு கையும் ஒரே வேகத்தில் போக வேண்டும். எள் தூவக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர வேண்டும். கிளினிக்கில் நான் தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் ஒரே மேசையில் கிடைத்துவிடுகிறது.

நம் பையனை மாவில் கை வைக்கச் சொல்லவில்லை. முதல் வெள்ளிக்கிழமை சல்லடையைத் தட்டுவது மட்டும்தான் அவன் வேலை. உலர்ந்த மாவு கையில் ஒட்டாது, ஊதினால் போய்விடும். அடுத்த வாரம் கரண்டியால் கிளறினான். மூன்றாம் வாரம் எண்ணெய் தடவிய மாவு உருண்டையை ஒரு விரலால் குத்திவிட்டு, உடனே கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். துணி பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். நான்காம் வாரம் எனக்கு நம்பிக்கை குறைந்தது. திரும்பவும் மேசைக்கு அடியில் போய்விட்டான். ஆறாம் வாரம் குத்தினான், குழி விழுந்ததைப் பார்த்தான், என்னை நிமிர்ந்து பார்த்து "நொக் அமோல்" என்றான். அன்றைக்கு அவன் உருட்டிய குட்டி ரொட்டி சாம்பல் நிறத்தில்தான் வெந்தது. அவன் அப்பா அதை முகம் சுளிக்காமல் சாப்பிட்டார் என்று பிறகு தெரிந்தது.

ஒரு எச்சரிக்கை. வேகாத மாவைப் பிள்ளைகள் வாயில் போட விடாதீர்கள். பச்சை முட்டைக்குப் பயப்படும் பலருக்குப் பச்சை மாவிலும் ஈ.கோலை கிருமி இருக்கலாம் என்பது தெரிவதில்லை.

இன்னொரு வீட்டில் மூன்று வயதை நெருங்கும் பெண் குழந்தை. பிறந்ததிலிருந்தே இடது பக்கம் பலவீனம். இடது கை இருப்பதையே மறந்துவிடுவாள், எல்லாவற்றுக்கும் வலது கைதான். யூத வீடுகளில் காலையில் எழுந்ததும் கை கழுவ இரண்டு கைப்பிடி உள்ள குவளை ஒன்று இருக்கும். வலது கையில் எடுத்து இடது கைக்கு மாற்றி, வலது கை மேல் ஊற்ற வேண்டும். பிறகு கை மாற்றி இடது கை மேல். இப்படி மாறி மாறி ஒவ்வொரு கைக்கும் மூன்று முறை. கணக்குப் பாருங்கள், ஒரே குவளை எத்தனை தடவை கைமாறுகிறது! நான் எத்தனை பந்து உருட்டினாலும் இந்த மாற்றம் கிடைத்திருக்காது. பெரியவர்களின் உலோகக் குவளை நிறைந்தால் கனக்கும் என்பதால் கால்வாசி மட்டும் நிரப்பிய சிறிய பிளாஸ்டிக் குவளையில் ஆரம்பித்தோம். இடது கைவிரல்கள் கைப்பிடிக்குள் நுழையத் தவிக்கும்போது உடனே போய் உதவாதீர்கள், பத்து எண்ணுங்கள் என்று தாயிடம் சொன்னேன். அந்தப் பத்தை எண்ணுவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது, பாவம்.

சரி, ஷப்பாத்தில் என்ன நடக்கிறது? இங்கே ஷபெஸ் என்பார்கள். வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை சுமார் 25 மணி நேரம் போன், டிவி, விளக்கு சுவிட்ச் எதையும் தொடுவதில்லை. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரம் போதும் என்று 2016-இல் சொன்னது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். இந்தக் குடும்பங்களில் பல, வார நாட்களிலேயே பிள்ளைகளுக்குத் திரை காட்டுவதில்லை. அதனால் ஷப்பாத்தில் தட்டுப்பாடு திரைக்கு இல்லை, இடத்துக்குத்தான். வரைவது, வெட்டுவது, ஒட்டுவது, களிமண் பிசைவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அன்றைக்கு விலக்கு. பொது இடத்தில் எதையும் தூக்கிச் செல்லக் கூடாது என்பதில் குழந்தைத் தள்ளுவண்டியும் சேர்த்தி. தெருக்களைச் சுற்றி 'எருவ்' என்னும் எல்லைக் கம்பி கட்டியிருந்தால் தள்ளலாம். ஆனால் ப்ரூக்ளினில் அந்த எருவை எல்லா ரப்பிகளும் (யூத மதகுருக்கள்) ஏற்பதில்லை. ஏற்காத குடும்பத்தில் நடக்கத் தெரியாத கைக்குழந்தை இருந்தால் தாயும் வீட்டோடுதான். ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறைவதே எட்டரை மணிக்கு. அந்தச் சனிக்கிழமை எவ்வளவு நீளம் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அந்த நீளத்தைக் கடக்க நான் சொல்வது எளிமையானது. சோபா மெத்தைகளைக் கழற்றித் தரையில் போட்டு ஏறி இறங்க விடுங்கள். மரக்கட்டை, பொம்மை வீடு, படப் புத்தகம் ஆகியவற்றில் பாதியை வாரம் முழுக்க அலமாரியில் பூட்டி வைத்து வெள்ளி மாலை மட்டும் வெளியே எடுங்கள். அன்றைக்கு மட்டும் வரும் பொம்மைக்கு மவுசு அதிகம். துணி மடிப்பது மாதிரி வேலைகளை அன்றைக்குத் தராதீர்கள், மதியத் தூக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். எந்தப் பொம்மை கூடும், எது கூடாது என்பதை அவர்கள் ரப்பியிடம் கேட்டுக்கொள்வார்கள். அதில் நான் மூக்கை நுழைப்பதில்லை.

நான் மூக்கை நுழைக்கும் இடம் வேறு. கைக்கு வேலை கொடுக்கிற அதே வீட்டுப் பொருட்கள்தான் சுடவும் செய்கின்றன. ஷப்பாத்தில் நெருப்பு மூட்டக் கூடாது என்பதால், முந்தின நாளே வைத்த வெந்நீர்க் கலம் நாள் முழுக்கச் சூடாகவே இருக்கும். சோலண்ட் என்னும் குழம்புப் பாத்திரமும் ஹாட் பிளேட்டின் மேல் இரவு முழுக்கக் கொதிக்கும். வெந்நீர்க் கலத்தின் குழாய் மேடை விளிம்பில், சரியாக ஒரு மூன்று வயதுக் குழந்தை எட்டிப் பிடிக்கும் உயரத்தில் இருப்பதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். வாரம் முழுக்கக் குவளையில் தண்ணீர் பிடிக்கப் பழக்கிய குழந்தை அந்தக் குழாயையும் திறந்து பார்க்கத்தான் செய்யும். பழக்கியவள் நான்! அதனால் குவளைப் பயிற்சி தொடங்கும் நாளிலேயே வெந்நீர்க் கலத்தைச் சுவரோரம் தள்ளி, ஒயரைச் சுருட்டி வைத்த பிறகுதான் மற்ற வேலை. சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம், வெண்ணெய் வேண்டாம். வெள்ளி மாலை ஷப்பாத்துக்கு ஏற்றும் மெழுகுவர்த்தியும் அப்படித்தான். தாய்க்கு இரண்டு, பிள்ளைக்கு ஒன்று வீதம் ஏற்றும் வீட்டில் ஏழு, எட்டுச் சுடர்கள் எரியும். கோடையில் ஜன்னல் திறந்திருக்கும், திரைச்சீலை ஆடும்.

2015 மார்ச்சில் ப்ரூக்ளினின் மிட்வுட் பகுதியில் ஷப்பாத்துக்காக எரியவிட்டிருந்த ஹாட் பிளேட்டில் பற்றிய தீ, ஒரே குடும்பத்தின் ஏழு பிள்ளைகளைக் கொண்டுபோனது. அந்த வீட்டில் ஸ்மோக் டிடெக்டர் இருந்தது அடித்தளத்தில் மட்டும். இந்தப் பகுதியில் இதைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. இருந்தும் டிடெக்டரின் பேட்டரியைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று கேட்டால் அமைதி. உயிருக்கு ஆபத்து என்றால் ஷப்பாத் விதிகள் விலகி நிற்க வேண்டும் என்பது யூதச் சட்டமே. ஹட்சோலா என்னும் தன்னார்வ ஆம்புலன்ஸ்காரர்கள் ஷப்பாத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்கள். போனைத் தொடலாமா என்று யோசிக்கும் அந்த அரை நிமிடம்கூட வேண்டாம் என்பதைப் பெரிய பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது தண்ணீர். இங்கே வீடுகளின் பால்கனிகளை ஒன்றின் நேர்மேலே இன்னொன்று வராமல் விலக்கிக் கட்டியிருப்பார்கள். சுக்கோத் பண்டிகைக்குக் குடில் போடும்போது தலைக்கு மேல் திறந்த வானம் வேண்டும் என்பதற்காக. கோடையில் அதே பால்கனியில் காற்றடைத்த குட்டிக் குளம் வந்துவிடும். இரண்டு அங்குலத் தண்ணீரே குழந்தையை மூழ்கடிக்கப் போதும். அமெரிக்காவில் ஒன்றிலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் மரணத்துக்கு முதல் காரணம் மூழ்குவதுதான். பெரிய குடும்பங்களில் "எட்டு வயது அக்கா பார்த்துக்கொள்கிறாள்" என்பார்கள். அவள் கெட்டிக்காரிதான், மறுக்கவில்லை. ஆனால் அது காவல் ஆகாது. வாசல் மணி அடித்து நீங்கள் உள்ளே போனால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள், முடிந்ததும் குளத்தைக் கவிழ்த்து வையுங்கள். இதைச் சொல்ல எனக்கு யூதச் சட்ட நூலான தால்முத்தே துணை. தந்தை மகனுக்குச் செய்ய வேண்டிய கடமைகளின் பட்டியலில் நீச்சல் கற்றுக்கொடுப்பதையும் சேர்க்கும் கருத்து அதில் இருக்கிறது. காரணம் கேட்டால், அது அவன் உயிர் என்று பதில். ஒரு தந்தையிடம் இதைச் சொன்னபோது, "இது உங்களுக்கு யார் சொன்னது?" என்று சிரித்துவிட்டு, அடுத்த வாரமே மகனை ஆண்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்த்தார்.

ஜன்னலையும் சொல்லிவிடுகிறேன். மூன்று அல்லது அதற்கு மேல் வீடுகள் உள்ள கட்டடத்தில் பத்து வயதோ அதற்குக் குறைவோ ஆன குழந்தை இருந்தால் வீட்டுக்காரர் ஜன்னல் தடுப்பு போட்டுத்தர வேண்டும் என்பது நியூயார்க் நகரில் 1976 முதல் உள்ள விதி. ஏசி பொருத்துவதற்காகத் தடுப்பைக் கழற்றிவிட்டு மறந்த வீடுகளை ஒவ்வொரு ஜூனிலும் பார்க்கிறேன்.

நான் சறுக்கிய கதையும் உண்டு. ஜூலை அல்லது ஆகஸ்டில், யூத நாட்காட்டியின் ஆவ் மாதத்து முதல் ஒன்பது நாட்கள் எருசலேம் ஆலயம் இடிந்ததற்கான துக்க நாட்கள். இறைச்சி இல்லை, துணி துவைப்பதில்லை, நீந்தப் போவதில்லை. இது எதுவும் தெரியாமல், அந்த நாட்களின் நடுவில், பெரிய தண்ணீர்த் தட்டையும் மிதக்கும் வாத்துகளையும் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். அந்தத் தாய் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. "ஒரு நிமிடம்" என்று உள்ளே போய் ரப்பிக்கு போன் செய்தார். சின்னக் குழந்தைக்கு, அதுவும் சிகிச்சைக்கு, தாராளமாகச் செய்யலாம் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஜூனிலேயே யூத நாட்காட்டியை என் அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கிறேன். ஒன்பதாம் நாள் பெரியவர்கள் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருப்பார்கள். பிள்ளைகளுக்கு விரதம் இல்லை. ஆகஸ்ட் வெயிலில் தலைசுற்றிக்கொண்டிருக்கும் ஒரு தாய் குளியல் தொட்டியருகே தனியாக இருக்கக் கூடாது என்பதற்காக, அன்றைக்குக் குழந்தையைக் குளிப்பாட்டவே வேண்டாம் என்கிறேன். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மேசைக்கு அடியில் ஒளிந்த பையன் அந்த ஆகஸ்டில் குடும்பத்தோடு கேட்ஸ்கில் மலைக்குக் கோடை வாசத்துக்குப் போய்விட்டான். கிளம்பும் முன் அவன் அம்மாவிடம், தினமும் மாலை உண்ணி இருக்கிறதா என்று காதுக்குப் பின்னால், முழங்காலுக்குப் பின்னால், தலைமுடிக்குள், தலையில் அணியும் கிப்பாத் தொப்பியின் விளிம்படியில் பார்க்கச் சொன்னேன். அந்தக் காடுகளில் லைம் நோய் பரப்பும் உண்ணி உண்டு. சரி என்று தலையாட்டிவிட்டு அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: அங்கே உள்ள அடுப்பு சின்னது, ஐந்து பவுண்ட் மாவு பிசைய முடியாது, பரவாயில்லையா? ஒரு பிடி மாவு போதும், ஆனால் கை துடைக்கும் துணியை மட்டும் மறக்காதீர்கள் என்றேன்.