டிரில் மிஷினை எடுத்து உள்ளே வையுங்கள்

பெட்டியில் பிரித்து வரும் டிராயர் யூனிட்டை வீட்டிலேயே மாட்டிக்கொள்வது நல்ல விஷயம்தான். அதற்கு ஆசாரி தேவையில்லை, ஆசாரி நானே சொல்கிறேன். ஆனால் மாட்டி ஒரு வாரம்கூட ஆகாமல், “டிராயர் தொங்குது, ஸ்க்ரூ நிற்கவே மாட்டேங்குது” என்று போன் வருகிறது. போய்ப் பார்த்தால் மூலையில் டிரில் மிஷின் கிடக்கிறது. இந்த மாதமும் அதே கதை. பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

இறுக்க இறுக்கப் பலம் என்று ஒரு நம்பிக்கை. தேக்கில் அது ஓரளவு செல்லும். உங்கள் பெட்டியில் வந்திருப்பது பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. மரச்சீவலையும் தூளையும் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை. தேக்கில் இருப்பது போன்ற நார் இதில் கிடையாது, மரை பிடித்துக்கொள்ள அந்தச் சீவலை விட்டால் வேறு எதுவும் இல்லை. ஸ்க்ரூவின் தலை உட்கார்ந்த பிறகும் சுற்றினால் மரை அதை அரைத்துவிடும். அப்புறம் ஸ்க்ரூ ஓட்டைக்குள் சும்மா சுற்றும். உடனே “ஸ்க்ரூ சரியில்லை” என்று இன்னும் நீளமாக ஒன்றைப் போடுவார்கள், 16 மில்லிமீட்டர் பலகையில் அதன் முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கும்! தலை உட்கார்ந்தது மிஷினுக்குத் தெரியாது, உங்கள் மணிக்கட்டுக்குத் தெரியும். கை ஸ்க்ரூடிரைவர் போதும்.

பலகைகளைக் கோத்துப் பிடிக்கும் வட்டப் பூட்டு, அந்த மினிஃபிக்ஸும் அப்படித்தான். அதன் தலையில் உள்ள அம்புக்குறி, போல்ட் வரும் ஓட்டையைப் பார்த்திருக்க வேண்டும். ஏறக்குறைய அரைச்சுற்றில் பிடித்துவிடும். அதற்கு மேல் திருகினால் இறுகாது, உடையும்.

ஓட்டை ஏற்கெனவே போய்விட்டதா? ஃபெவிகால் தடவிய பல்குச்சிகளைச் செருகி, மேலே ஒடித்துவிட்டு, ஒரு ராத்திரி காயவிடுங்கள். பிறகு ஸ்க்ரூ பிடிக்கும். கழற்றிய ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். ‘டக்’ என்று பழைய மரையில் விழுந்ததும் முறுக்குங்கள்.

டிராயர் ஓடுகிற தடமான சேனலுக்கு வருவோம். யூனிட்டை நிற்க வைத்துவிட்டு, உள்ளே தலையை நுழைத்துக்கொண்டு சேனல் மாட்டுகிறவர்களை என்னவென்று சொல்வது? பக்கப் பலகைகள் தரையில் படுத்திருக்கும்போதே மாட்டிவிடுங்கள். உருளை வைத்த சேனல்களில் பெரும்பாலும் சிஎல், சிஆர், டிஎல், டிஆர் என்று பொறித்திருக்கும். முதல் இரண்டும் யூனிட்டின் இடமும் வலமும், மற்ற இரண்டும் டிராயரின் இடமும் வலமும்.

டிராயர் முரண்டு பிடித்தால் எண்ணெய் விடாதீர்கள். அநேகமாக டிராயர் கோணலாக இருக்கும். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், இரண்டும் ஒரே அளவு வர வேண்டும். அடிப்பலகை காடிக்குள், அதாவது அதற்கென வெட்டிய பள்ளத்துக்குள், முழுதாக இறங்கினாலே பாதிக் கோணல் சரியாகிவிடும். யூனிட்டின் பின்பக்க ஹார்ட்போர்டும் இதே வேலைக்குத்தான். சுவரைப் பார்த்துத்தானே நிற்கப்போகிறது என்று பாதி ஆணியை மிச்சம் வைக்காதீர்கள்.

அப்புறம், எல்லோரும் பாலித்தீன் பையோடு குப்பையில் போடுகிற, யூனிட்டைச் சுவரோடு பிணைக்கும் அந்தக் கிளாம்பு. அமெரிக்காவில் டிராயர் அலமாரிகள் சாய்ந்து குழந்தைகள் இறந்த பிறகு, 2016-இல் ஐக்கியா அங்கே சுமார் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க வேண்டியிருந்தது. வீட்டு ஓனர் சுவரில் ஓட்டை போட விடமாட்டார் என்பீர்கள். கெஞ்சிக் கேளுங்கள், காலி செய்யும்போது பட்டி பார்த்துக் கொடுத்துவிடலாம். குழந்தை இருக்கிற வீடு என்றால், தயவுசெய்து முதலில் சுவரோடு பிணைத்துவிட்டு அப்புறம் துணியை அடுக்குங்கள், கனமானதையெல்லாம் கீழ் டிராயரில்.